சாலையே இல்லாத ஊரில் குப்பையைத் தரம் பிரித்து என்ன செய்வது?

கனடாவின் வடகோடியில் சில நூறு பேர் வாழும் கிராமம் ஒன்றில் குப்பை தரம் பிரிப்பு மையம் வரப்போகிறது, அதற்குப் பெருந்தொகை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால், படிப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழும். இத்தனூண்டு ஊருக்கு இவ்வளவு பணமா? இவ்வளவு பணம் போட்ட பிறகும் அங்கே பிளாஸ்டிக்கையும் அட்டைப்பெட்டியையும் ஏன் எரிக்கிறார்கள்?

இரண்டு குழப்பத்துக்கும் காரணம் ஒன்றுதான். தரம் பிரிப்பு மையம் என்றதும் நமக்குத் தோன்றுவது நகரத்து மையம். கன்வேயர் பெல்ட், இரண்டு பக்கமும் நின்று பொறுக்கும் ஆட்கள், பொதி கட்டும் இயந்திரம், வாசலில் லாரியோடு காத்திருக்கும் வியாபாரி. வடக்கில் இந்தக் காட்சியின் கடைசிப் பகுதி கிடையாது. வாங்க ஆளில்லை, லாரி வரச் சாலையில்லை. அதனால் அங்கே மையத்தின் வேலையே மாறிவிடுகிறது. நஞ்சான பொருள்கள் தீயில் விழாமல் தடுப்பதும், கப்பல் வரும்வரை அவற்றைச் சிந்தாமல் சிதறாமல் வைத்திருப்பதும்தான் அதன் முதல் வேலை. விற்றுக் காசாக்குவதெல்லாம் வெகுதூரம் பின்னால் வருகிறது.

## எந்த ஊர்களைப் பற்றிய பேச்சு?

க்யூபெக் மாகாணத்தில் 55ஆவது அட்சரேகைக்கு வடக்கே உள்ள பகுதி நுனாவிக். பரப்பு 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. அங்கே 14 ஊர்களில் சுமார் 14,000 பேர் வாழ்கிறார்கள். பெரும்பாலானோர் ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள். பெரிய ஊரான கூஜுவாக்கில் மூவாயிரத்துக்குக் குறைவான மக்கள்தான். ஔபாலுக் போன்ற ஊரில் இருநூற்றுச் சொச்சம் பேர். ஊருக்கு ஊர் சாலை கிடையாது. தெற்கே மாண்ட்ரியல் பக்கம் போகவும் சாலை கிடையாது. அதற்கும் வடக்கே விரிந்து கிடக்கும் நுனாவுட் ஆட்சிப்பகுதியிலும் இதே நிலைதான். 25 ஊர்கள், 2021 கணக்கெடுப்பின்படி 36,858 பேர், எந்த ஊருக்கும் வெளியிலிருந்து சாலை இல்லை.

சாமான்கள் வர இரண்டே வழிகள். ஒன்று விமானம், விலை கடுமை. மற்றொன்று கோடைக் கப்பல். கடல் பனி உடைந்த பிறகு, ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர், நவம்பர் வரை சரக்குக் கப்பல்கள் வரும். ஒரு ஊருக்கு ஒரு பருவத்தில் சில தடவை வந்தால் உண்டு. பெரிய கப்பல் அணையும் துறைமுகம் பெரும்பாலான ஊர்களில் இல்லை. கப்பல் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, ஓதம் ஏறும், அதாவது கடல் மட்டம் உயரும், நேரம் பார்த்துப் படகுமேடைகளில் சரக்கைக் கரைக்குக் கொண்டுவருவார்கள். நுனாவிக்கின் கிழக்கே உள்ள உங்காவா விரிகுடா உலகிலேயே மிக உயரமான ஓதம் ஏறி இறங்கும் இடங்களில் ஒன்று. வேளை தவறினால் படகு தரைதட்டி நிற்கும்.

வீடு கட்டும் பலகை, பிக்கப் வண்டி, பனி ஸ்கூட்டர், குளிர்பானம், டயப்பர் எல்லாமே இப்படித்தான் வந்து சேர்கின்றன. வந்தவை திரும்பிப் போவதில்லை. இறக்கிவிட்ட கப்பல் பெரும்பாலும் காலியாகத் தெற்கே போகிறது. இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மையத்தின் திட்டமே இதன் மேல்தான் நிற்கிறது.

## இப்போது குப்பை எங்கே போகிறது?

வீடு வீடாக நகராட்சி வண்டி வந்து குப்பையை எடுக்கிறது. அதில் குறையில்லை. இந்த ஊர்களில் குடிநீரே பெரும்பாலும் டேங்கர் வண்டியில்தான் வீட்டுக்கு வருகிறது, கழிவுநீரும் வண்டியில்தான் போகிறது. வண்டி ஓட்டும் ஆட்களும் பழக்கமும் அங்கே உண்டு. எடுத்த குப்பையைப் போடும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நிலத்துக்கு அடியில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்ணை நிரந்தர உறைமண் என்கிறோம். மேலே உள்ள மெல்லிய அடுக்கு மட்டும் கோடையில் இளகும். தெற்கத்தி முறைப்படி ஆழக் குழி தோண்டி, அடியில் விரிப்பு போட்டு, தினமும் மண் மூடி, கசிவுநீரைக் குழாயில் சேர்க்கும் குப்பைக் கிடங்கை இங்கே அமைப்பது பெரும்பாடு. தோண்ட முடியாது. மூடவும் மண் போதாது. கிடைக்கிற சரளையோ வீட்டு அடித்தளத்துக்கும் சாலைக்கும் விமான ஓடுதளத்துக்கும் வேண்டும். குளிரில் எதுவும் மக்குவதில்லை; மக்கும் குப்பை, மக்காத குப்பை என்ற பிரிவினைக்கே இங்கே பாதி அர்த்தம்தான். கோடையில் பனி உருகும்போது, கீழே உறைந்த தரை நீரை உள்வாங்காததால், குப்பையைக் கழுவிக்கொண்டு அது பக்கவாட்டில் ஓடிவிடும்.

எனவே கொளுத்துகிறார்கள். இதைச் சட்டமீறல் என்று நினைத்துவிட வேண்டாம். க்யூபெக்கில் 2006இல் நடைமுறைக்கு வந்த குப்பைக் கிடங்கு விதிமுறை, வடபகுதிக் கிடங்குகளைத் தனி வகையாகப் பிரித்து, எரியக்கூடிய குப்பையை வானிலை இடம்கொடுத்தால் வாரம் ஒருமுறையாவது எரிக்க வேண்டும் என்றே சொன்னது. விதியை எழுதியவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. எரிக்காமல் விட்டால் நரியும் காக்கையும் சில இடங்களில் கரடியும் வரும், காற்று பிளாஸ்டிக் பைகளைக் கிலோமீட்டர் கணக்கில் பரப்பும், இருக்கிற இடம் சீக்கிரம் நிரம்பும். இருப்பவற்றில் கெடுதல் குறைந்த வழி என்று கருதித்தான் அப்படி எழுதினார்கள்.

கனடாவின் வடமேற்கு மூலையில் உள்ள யூகோன் ஆட்சிப்பகுதி தன் குப்பை மேடுகளில் திறந்தவெளி எரிப்பை 2012க்குள் நிறுத்திவிட்டதே, இவர்களால் ஏன் முடியாது என்று கேட்பவர்கள் உண்டு. யூகோனில் ஓல்ட் க்ரோ தவிர எல்லா ஊருக்கும் சாலை உண்டு. எரிக்காத குப்பையை லாரியில் ஏற்றித் தலைநகர் வைட்ஹார்ஸ் பக்கம் அனுப்ப முடிந்தது. இரண்டையும் ஒப்பிடுவதே சரியில்லை.

## எரிப்பதில் எது ஆபத்து?

திறந்தவெளித் தீ சூடு குறைந்த தீ. ஈரக் குப்பையும் பனியும் கலந்திருந்தால் இன்னும் குறையும். அந்த அரைகுறை எரிப்பில், பி.வி.சி. போன்ற குளோரின் கொண்ட பிளாஸ்டிக்கிலிருந்து டயாக்சின், ஃபுயூரான் என்ற நச்சுகள் உருவாகின்றன. 2001இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, இவை உண்டாகும் வழிகளில் ஒன்றாகத் திறந்தவெளிக் குப்பை எரிப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கூடவே பேட்டரியும் குழல் விளக்கும் மின்னணுப் பலகையும் தீயில் விழுந்தால் ஈயம், பாதரசம், காட்மியம் சாம்பலிலும் புகையிலும் சேரும். அட்டைப்பெட்டியை மட்டும் எரிக்கும் தீயும், அதே அட்டையோடு ஒரு கார் பேட்டரியையும் கணினித் திரையையும் எரிக்கும் தீயும் ஒன்றல்ல. மையத்தின் நியாயம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

வடக்கில் இது கூடுதலாக உறைப்பதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1980களின் கடைசியில் நுனாவிக் தாய்மார்களின் பாலைச் சோதித்தபோது, பி.சி.பி. என்ற தொழிற்சாலை நஞ்சு தெற்கு க்யூபெக் பெண்களைவிடப் பல மடங்கு இருந்தது தெரியவந்தது. அந்த நஞ்சை அவர்கள் உண்டாக்கவில்லை. காற்றும் கடலோட்டமும் கொண்டுவந்து, மீன், சீல், பெலூகா திமிங்கிலம் என்று உணவுச் சங்கிலியில் ஏறி, கொழுப்பில் சேர்ந்தது. கடல் விலங்கின் கொழுப்பை உண்டு வாழும் மக்களிடம், ஊர் எல்லையிலேயே வாராவாரம் புதிதாக நஞ்சு உண்டாக்கிக்கொள்வது சரியா என்ற கேள்வி சும்மா எழவில்லை.

கட்டுப்பாடில்லாத தீ என்ன செய்யும் என்பதற்கு நுனாவுட்டின் தலைநகர் இகாலுவிட் சாட்சி. 2014 மே மாதம் அங்கே குப்பை மேடு தானாகப் பற்றிக்கொண்டது. பல மாடி உயரக் குவியல். உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்தது. எரிமலைக்கும் குப்பைமேட்டுக்கும் முடிச்சுப்போட்டு ஊர்க்காரர்கள் அதற்குக் கேலிப்பெயர்கூட வைத்தார்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் புகைக்கு விலகி இருக்கச் சொல்லிப் பொதுச் சுகாதார அதிகாரிகள் எச்சரித்தனர். மேலே தண்ணீர் அடித்து அணைக்க முடியவில்லை. கனலும் குப்பையை எந்திரக் கையால் பெயர்த்து, கடல்நீர் நிரப்பிய குழியில் முக்கி முக்கி அணைத்தார்கள். செப்டம்பரில்தான் அடங்கியது. செலவு 20 லட்சம் டாலருக்கு மேல். ஒரு சின்ன நகரத்தின் பட்ஜெட்டில் அது எத்தனை மையத்துக்கான பணம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

## முதலில் எதைப் பிரிக்க வேண்டும்?

எல்லாவற்றையும் பிரிப்போம் என்று தொடங்கினால் எதையும் பிரிக்க முடியாமல் போகும். வரிசை வேண்டும். அந்த வரிசையைச் சந்தை விலை தீர்மானிக்கக் கூடாது, தீயில் விழுந்தால் வரும் கெடுதல் தீர்மானிக்க வேண்டும்.

1. ஈய அமில பேட்டரி. நச்சும் இதில்தான், தெற்கே விலை போகும் உலோகமும் இதில்தான். எடை அதிகம், இடம் குறைவு. முதல் நாளிலிருந்தே பிரிக்கவேண்டியது.

2. பயன்படுத்திய எண்ணெய், குளிர்விப்பான் திரவம், பெயின்ட், கரைப்பான். எண்ணெயை மட்டும் ஊரிலேயே பயன்படுத்த வழியுண்டு. பழைய எண்ணெயில் ஓடும் சூடேற்றி வைத்தால் நகராட்சி கராஜின் வெப்பத்துக்கு ஆகும். அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம், வாங்கும் எரிபொருளும் மிச்சம். ஆனால் அந்த எண்ணெயில் பெட்ரோலோ கரைப்பானோ கலந்திருக்கக் கூடாது. பீப்பாயில் எழுதாமல் விட்டால் மொத்தமும் வீண்.

3. குளிர்ப்பெட்டி, உறைபெட்டி. உள்ளே உள்ள வாயுவைச் சான்றிதழ் பெற்றவர் உறிஞ்சி எடுத்த பிறகுதான் தகரமாகும். ஆர்-134ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால் புவி வெப்பத்தில் அதன் விளைவு ஏறக்குறைய 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

4. மின்னணுச் சாமான், குழல் விளக்கு, சிறு பேட்டரிகள்.

5. ஓடாத வண்டிகள். நான்கு சக்கர மோட்டார்களும் பனி ஸ்கூட்டர்களும் பிக்கப்புகளும் குப்பை மேட்டோரம் வரிசையாகக் கிடக்கும். பெட்ரோல், எண்ணெய், பேட்டரி, பழைய மாடல்களில் உள்ள பாதரச ஸ்விட்ச் ஆகியவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் இரும்பு. இரும்பு பத்து ஆண்டு வெயிலில் கிடந்தாலும் யாருக்கும் உடனடிக் கெடுதல் இல்லை. திரவங்களை எடுக்காமல் கிடந்தால் உண்டு. நுனாவுட் ஊர்களில் நடந்த டன்ட்ரா டேக்-பேக் என்ற திட்டம் இதைத்தான் செய்தது. ஊர் ஆட்களுக்குத் திரவம் இறக்கும் பயிற்சி, கருவி, பிறகு கப்பலில் ஏற்றுதல்.

6. மரம். கப்பலில் வரும் சாமான் எல்லாம் மரப்பெட்டியில் அடைபட்டு வருவதால் பலகை மலைபோல் சேரும். பெயின்ட்டும் ரசாயனமும் படாத மரத்தைத் தனியே வைத்தால் மக்களே எடுத்துப்போய் வேட்டைக் குடிசைக்கும் பனிச்சறுக்கு வண்டிக்கும் பயன்படுத்துவார்கள். ரசாயனம் ஏற்றிய பலகையில் ஆர்சனிக் இருக்கக்கூடும். அது எரிபடவே கூடாது.

7. அலுமினியம் கேன். நசுக்கினால் இடம் மிகக் குறையும், விலையும் உண்டு.

8. கண்ணாடி. தெற்கே அனுப்புவது வீண். உடைத்துப் பொடியாக்கிச் சரளையோடு கலந்து நிரப்பலாம்.

பிளாஸ்டிக்கும் அட்டையும் இந்தப் பட்டியலில் எங்கே என்று கேட்கலாம். கடைசியில். ஏன் என்பதைக் கப்பல் கணக்கு சொல்லும்.

## கட்டடம் எப்படி இருக்க வேண்டும்?

பெரிய ஷெட் வேண்டியதில்லை. தேவைப்படுவது மூன்று இடங்கள்.

முதலாவது, சூடேற்றிய ஒரு சின்ன அறை. நீரில் கரையும் பெயின்ட் ஒருமுறை உறைந்தால் கெட்டுவிடும், மறுபடி யாருக்கும் பயன்படாது. குழல் விளக்கைக் கனத்த கையுறையோடு குளிரில் கையாண்டால் உடையும். திரவங்களை அடையாளம் பார்த்து மாற்றி ஊற்றும் வேலையை −30 டிகிரியில் யாரும் செய்யமாட்டார்கள். செய்யச் சொல்லவும் கூடாது. இந்த அறைக்கு மட்டும் நல்ல காப்பு, காற்றோட்டம், சிந்தினால் வெளியே போகாத தரை. பெரிய கட்டடம் முழுவதையும் சூடேற்றுவதாகத் திட்டம் போட்டால், டீசல் செலவே மையத்தை மூடவைக்கும்.

இரண்டாவது, குளிர்க் கிடங்கு. அதற்கு 20 அடி கப்பல் கொள்கலன்களே போதும். கொட்டி உயர்த்திய சரளை மேடையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை என்று ஒதுக்கிவிடலாம். பிறகு அதே பெட்டியைப் பூட்டிச் சீல் வைத்துக் கப்பலேற்றலாம். ஒரு பொருளை இரண்டு தடவை தூக்கி வைக்கும் வேலை மிச்சம். வடக்கில் ஆள் கூலியும் எந்திர வாடகையும் இருக்கும் நிலையில் இது சின்ன மிச்சமில்லை. சரளை மேடை எதற்கென்றால், சூடான கட்டடத்தை நேரே உறைமண் மேல் வைத்தால் அடியில் மண் இளகிக் கட்டடம் சாயும்.

மூன்றாவது, வேலி போட்ட திறந்தவெளி: வண்டி, இரும்பு, மரம் வைக்க.

பேட்டரியை உதாரணமாக எடுத்துக்கொண்டால் இந்த ஏற்பாடு ஏன் என்று விளங்கும். சார்ஜ் நிறைந்த ஈய அமில பேட்டரி −50 டிகிரியைத் தாண்டியும் உறையாது. சார்ஜ் முழுக்க இறங்கிய பேட்டரியோ சுமார் −10 டிகிரியிலேயே உறைந்துவிடும், ஏனென்றால் உள்ளே அமிலம் நீர்த்துப்போயிருக்கிறது. குப்பைக்கு வரும் பேட்டரி எல்லாம் சார்ஜ் இறங்கியதுதான். உறைந்தால் பெட்டி விரியும், கீறல் விழும். குளிர்காலம் முழுக்க ஒன்றும் தெரியாது. வசந்தத்தில் இளகும்போது அமிலமும் ஈயமும் கீழே சொட்டும். ஆகவே வந்த அன்றே கீறல் பார்த்து, கீறல் விழுந்ததை அமிலம் தாங்கும் பிளாஸ்டிக் தொட்டியில் தனியே வைக்க வேண்டும். மற்றவற்றின் முனைகளில் டேப் ஒட்டி, பலகைத் தட்டின் மேல் ஒரு அடுக்கு அடுக்கி, மேலே கனத்த அட்டை விரித்து, அடுத்த அடுக்கு, மறுபடி அட்டை என்று மூன்று அடுக்கோடு நிறுத்தி, பிளாஸ்டிக் சுற்றிப் பட்டை போட்டு இறுக்க வேண்டும். இப்படிக் கட்டாத பேட்டரியைக் கப்பல்காரர் ஏற்றமாட்டார். ஆபத்தான சரக்குக்கான கனடிய விதி அப்படி. காகிதத்தில் ஒரு வரி தப்பினாலும் அந்தத் தட்டு கரையில் நிற்கும், அடுத்த கோடைவரை.

விலங்குகளை மறந்து கட்டடம் போடுபவர்களும் உண்டு. மனிட்டோபா மாகாணத்தில் ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள சர்ச்சில் ஊரில் பனிக்கரடிகள் குப்பை மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தன. 2005இல் அந்த மேட்டை மூடி, கைவிடப்பட்ட பழைய ராணுவக் கட்டடத்துக்குள் குப்பையைக் கொண்டுவந்தார்கள். கரடி உள்ளே வர முடியாது. மறுசுழற்சிக்கானதை ரயிலில் தெற்கே அனுப்பினார்கள். சர்ச்சிலுக்குச் சாலை இல்லையென்றாலும் ரயில் உண்டு. 2017 வசந்தத்தில் வெள்ளம் தண்டவாளத்தை அரித்துக்கொண்டு போனது. ரயில் திரும்ப ஓட 2018 கடைசி ஆயிற்று. அத்தனை நாளும் வெளியேற வழியில்லாமல் சரக்கு தேங்குமா தேங்காதா? எந்த மையமும் ஒரு பருவம் முழுவதும் ஒன்றும் வெளியே போகாவிட்டாலும் தாங்கும் அளவுக்கு இடம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

## கப்பல் கணக்கு

லாரித் தொழிலில் ரிட்டர்ன் லோடு என்பார்கள். போகும்போது சரக்கு, திரும்பும்போதும் ஏதாவது ஏற்றினால் டீசலுக்கு ஆகும். வடக்குக் கப்பலுக்கும் அதே கணக்கு. திரும்பும் கப்பல் காலியாகத்தானே போகிறது, குப்பையை ஏற்றிக்கொண்டு போனால் என்ன என்று தோன்றும். பாதி உண்மை. இடம் இருக்கிறது. ஆனால் படகுமேடையில் ஏற்றி, ஓதம் பார்த்து, கப்பலில் தூக்கி அடுக்கும் நேரமும் உழைப்பும் வரும் சரக்குக்கு ஆகிற அளவுதான் போகும் சரக்குக்கும் ஆகும். பனி வருவதற்குள் அடுத்த ஊருக்குப் போகவேண்டிய கப்பல் அதற்காகக் காத்திருக்காது.

கட்டணம் போடும் விதம் இன்னொரு விஷயம். ஆர்க்டிக் சரக்குக் கப்பல்களில் கொள்கலனில் அடங்காத சரக்குக்கு 1,000 கிலோ அல்லது 2.5 கன மீட்டர், இதில் எது கூடுதலோ அதை ஒரு டன் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். நசுக்காத பிளாஸ்டிக் பாட்டில் 2.5 கன மீட்டர் என்றால் அறுபது கிலோகூடத் தேறாது. அறுபது கிலோவுக்கு ஒரு டன் கட்டணம். 20 அடிக் கொள்கலனில் உள்ளே கிட்டத்தட்ட 33 கன மீட்டர் இடம் உண்டு. அதில் நசுக்காத பாட்டில் அடைத்தால் ஒரு டன்னே வராது. பேட்டரித் தட்டுகளைத் தரையில் ஒரு வரிசை மட்டும் வைத்தாலே பத்துத் தட்டு, பத்து டன் அளவில் வரும். தெற்கே இறக்கியதும் பேட்டரிக்கு உருக்காலை பணம் தரும். கலப்புப் பிளாஸ்டிக்குக்கு நாம் பணம் தர வேண்டியிருக்கலாம். பொதி கட்டும் இயந்திரம் இந்த வித்தியாசத்தைக் குறைக்கும், மாற்றிவிடாது. அதற்கு மின்சாரமும் ஹைட்ராலிக் எண்ணெயும் உதிரிபாகமும் பழுது பார்க்க ஆளும் வேண்டும். ஆள் விமானத்தில் வர வேண்டும்.

ஊரிலேயே காயலாங்கடை இருந்து எடை போட்டுக் காசு கொடுக்கும் நிலையில் பிறந்த பழக்கங்களை அப்படியே இங்கே கொண்டுவர முடியாததற்குக் காரணம் இதுதான். என் கருத்தில், தொடக்க ஆண்டுகளில் பிளாஸ்டிக்கைத் தொடாமல் விடும் மையமே நேர்மையான மையம். மறுசுழற்சிக்கென்று நீலத் தொட்டி வைத்து வாங்கி, பின்வாசல் வழியாக எரிமேட்டுக்கு அனுப்பினால், அது வெளியே தெரிந்த அன்றே மக்கள் பேட்டரியைக் கொண்டுவருவதையும் நிறுத்திவிடுவார்கள்.

திட்டமிடுபவர்கள் ஆண்டைக் கப்பலில் தொடங்கிப் பின்னோக்கி எண்ணுவது நல்லது. ஆகஸ்டில் ஏற்ற வேண்டுமானால் ஜூலைக்குள் பெட்டி பூட்டி, எடை எழுதி, காகிதம் தயாராக வேண்டும். வசந்தத்தில் கப்பல் நிறுவனத்திடம் இடம் பதிவு செய்ய வேண்டும். டிரம், டேப், ஒட்டுத்தாள், உறிஞ்சு துணி போன்றவை முந்தைய கோடைக் கப்பலிலேயே வந்திருக்க வேண்டும். அதாவது மையம் திறந்த ஆண்டிலேயே முதல் சரக்கு வெளியேறும் என்று அறிவிப்பவர்களின் பேச்சை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

## செலவு யார் தலையில்?

தெற்கே போலவே நுனாவிக்கிலும் ஒரு தொலைக்காட்சி வாங்கும்போது விலையோடு சேர்த்து மறுசுழற்சிக் கட்டணம் வசூலாகிறது. உற்பத்தியாளர் பொறுப்பு என்று இதைச் சொல்வார்கள்: பொருளைச் சந்தையில் விட்டவரே அதன் கடைசிக் காலச் செலவையும் ஏற்பது. க்யூபெக் 2011இல் கொண்டுவந்த விதி மின்னணுச் சாமான், சிறு பேட்டரி, பாதரச விளக்கு, பெயின்ட், எண்ணெய் ஆகியவற்றை இந்த வளையத்துக்குள் கொண்டுவந்தது. பின்னர் குளிர்ப்பெட்டி போன்ற வீட்டுச் சாதனங்களும் சேர்ந்தன. மேலே உள்ள வரிசையில் இரண்டு முதல் நான்கு வரை உள்ளவை பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடுவதைக் கவனியுங்கள். கூஜுவாக்கில் கட்டணம் கட்டியவருடைய திரையைத் திரும்பக் கொண்டுபோகும் கப்பல் செலவு அந்த நிதியிலிருந்து வருவதுதான் நியாயம். அதற்கு மையம் ரசீதும் எடைக் கணக்கும் வைத்திருக்க வேண்டும். ஒரு தராசும் ஒரு பதிவேடும் இல்லாத மையம் தனக்குச் சேரவேண்டிய பணத்தைக் கேட்க முடியாது.

கேன், பாட்டிலுக்கு வைப்புத்தொகை முறை உதவும். கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதி 2005 நவம்பரில் இதைத் தொடங்கியது. வாங்கும்போது கூடுதலாகக் கட்டுவதில் ஒரு பங்கு காலிப் பாட்டிலைத் திருப்பித் தருபவருக்கு. மற்றொரு பங்கு சேகரிப்பு, போக்குவரத்துக்கு. குழந்தைகளும் பள்ளிகளும் இதில் ஆர்வமாக இறங்குவார்கள். க்யூபெக் 2023 நவம்பரில் எல்லா அலுமினியப் பானக் கேனுக்கும் 10 சென்ட் என்று விரிவாக்கியது. 2025 மார்ச்சில் பிளாஸ்டிக் பாட்டிலும் சேர்ந்தது. கப்பல் செலவையும் சேர்த்துத் திட்டமிட்டால் மேலே சொன்ன வரிசையில் பாட்டில் மேலேறும். வைப்புத்தொகை மட்டும் தந்து சரக்கு எங்கே போவது என்று சொல்லாவிட்டால் கிடங்கு பாட்டிலால் நிரம்பி பேட்டரிக்கு இடம் இராது.

## ஆள்

பணமும் பெட்டியும் இருந்தும் மையங்கள் படுத்துவிடுவதற்குப் பொதுவான காரணம் ஒற்றை ஆளை நம்புவது. பயிற்சி பெற்றவர் சுரங்க வேலைக்கோ வேறு ஊருக்கோ போய்விட்டால் சாவி எங்கே என்றே தெரியாது. வெளியாளை வைக்கலாம் என்றால் தங்க வீடில்லை. இந்த ஊர்களில் வீட்டுப் பஞ்சம் கடுமை. குறைந்தது இரண்டு உள்ளூர் ஆட்களுக்கு முழுநேர நகராட்சிச் சம்பளமும், மூன்றாவது ஒருவருக்குப் பயிற்சியும் என்று தொடங்குவதே பாதுகாப்பு. ஒட்டுத்தாளும் அறிவிப்பும் இனுயிட் மக்களின் மொழியான இனுக்டிடூட் எழுத்தில் இருக்க வேண்டும். பல பெரியவர்களுக்கு அதுதான் முதல் மொழி.

குப்பை மேட்டில் பொருள் தேடுவது வடக்கில் பழைய வழக்கம். பனி ஸ்கூட்டர் உதிரிபாகத்தைக் கடையில் சொல்லி வாங்க வாரக்கணக்கில் ஆகும். பழைய வண்டியில் கழற்றினால் அன்றைக்கே வேட்டைக்குப் போகலாம். மையம் வந்ததும் வேலி போட்டு உள்ளே வராதே என்று பலகை வைத்தால் ஊரே எதிரியாகும். திரவம் இறக்கிய வண்டிகளை ஒரு பக்கம் திறந்து விட்டு, வேண்டியதைக் கழற்றிக்கொள்ள அனுமதிப்பது நல்லது. அப்படிப் போகும் ஒவ்வொரு பாகமும் கப்பலேறவேண்டாத ஒரு பாகம்.

## வேறு வழிகள்

கிரீன்லாந்து வேறு பாதையில் போகிறது. ஐந்து நகராட்சிகளும் சேர்ந்து ஈசானி என்ற நிறுவனத்தை அமைத்து, நூக், சிசிமியூட் இரண்டு ஊர்களில் பெரிய எரிஉலைகள் வைத்து, மற்ற ஊர்க் குப்பையைப் பொதியாகக் கட்டிக் கப்பலில் அங்கே கொண்டுபோகும் திட்டம். எரிவெப்பம் வீடுகளைச் சூடாக்கும். நுனாவிக்கின் 14 ஊர்களுக்கு அந்த அளவுக் குப்பையும் இல்லை, குழாய்வழி வெப்ப வலையமைப்பும் இல்லை. ஊருக்கு ஒரு சின்ன உலை என்று யாராவது விற்க வந்தால் கவனம் தேவை: சின்ன உலைக்குப் புகை வடிகட்டி சுமாராகத்தான் இருக்கும், எரிபொருளும் கேட்கும், இயக்கத் தேர்ந்த ஆளும் கேட்கும். பேட்டரி உள்ளே போனால் நஞ்சு வெளியே வரும் என்பது அங்கேயும் மாறாது. பிரிக்கும் வேலை உலைக்கும் முன்தேவை.

அலாஸ்காவின் அனுபவம் நெருக்கமானது. அங்கே சாலையில்லாத சுமார் 200 கிராமங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கப்பல், படகு, விமானம் பேரம் பேசியதால் வீண்செலவு. 2018 வாக்கில் சோதனையாகத் தொடங்கிய பேக்ஹால் அலாஸ்கா திட்டம் பயிற்சி, பொதி முறை, போக்குவரத்துப் பேரம் ஆகியவற்றை ஊர்களுக்குப் பொதுவாக்கியது. பேட்டரி, மின்னணு, விளக்கு ஆகியவற்றோடு மட்டும் தொடங்கியது. நுனாவிக்கில் இந்த ஒருங்கிணைப்பைச் செய்யும் இடத்தில் கட்டிவிக் வட்டார அரசு இருக்கிறது. 14 ஊர்களுக்கும் ஒரே ஒப்பந்தம், ஒரே மாதிரி ஒட்டுத்தாள், சுற்றிவரும் பயிற்சியாளர் என்று போனால் இருநூறு பேர் ஊருக்கும் கட்டுப்படியாகும்.

ஒரு விஷயம் மட்டும் இந்த மையங்களின் கணக்கில் வராது: பல பத்தாண்டுகளாகச் சேர்ந்துவிட்ட பழைய குவியல். ஐந்நூறு வண்டியைக் கழற்றி அனுப்பும் வேலையை ஆண்டுச் சம்பளம் வாங்கும் இரண்டு பேர் தலையில் வைத்தால் இன்றைய பேட்டரி கவனிப்பாரில்லாமல் கிடக்கும். அதற்குத் தனி நிதி, தனி ஆள், தனிக் கப்பல் இடம் வேண்டும். நுனாவிக்கில் கைவிடப்பட்ட கனிம ஆய்வு முகாம்களின் பீப்பாய்களையும் இரும்பையும் அகற்ற, 2007இல் மாகாண அரசும் வட்டார அமைப்புகளும் சுரங்க நிறுவனங்களின் நிதியும் சேர்ந்து தனி ஒப்பந்தம் செய்துகொண்டது இந்தக் காரணத்தால்தான். ஊர்க் குப்பை மேட்டோரம் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டி வரிசைக்கும் அதே மாதிரி ஒரு ஏற்பாடு இன்னும் தேவைப்படுகிறது.